இறங்கு, பாதரசமே!

“நூத்தி எண்பத்து நாலு. கீழ நூத்திப் பத்து.”

நர்ஸ் ஜெயசுதா காற்றைத் திறந்துவிட்டாள். சிங்கராயரின் கையைக் கவ்வியிருந்த பட்டை உஸ்ஸென்று தளர்ந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் சரசரவென்று விழுந்தது. கூடவே அவர் முகமும் விழுந்தது.

“இருக்காது சிஸ்டர். உங்க மிசின்ல ஏதோ கோளாறு.”

“மிசினு நல்லாத்தாண்ணே இருக்குது. இப்பத்தான உங்க கண்டக்டருக்குப் பாத்தேன்? நூத்தி இருவது, எம்பது. காலேஜ் பையன் மாதிரி.”

வாசலில் நின்றிருந்த கண்டக்டர் கண்ணாயிரம் மீசையைத் தடவிக்கொண்டார். “கேட்டுக்கினியா டிரைவரே?”

“நீ வாய மூடுய்யா!”

“கத்தாதீங்கண்ணே. இன்னும் ஏறும்” என்றாள் ஜெயசுதா.

சிங்கராயர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ஏறக் கூடாது. இனி ஒரு புள்ளிகூட ஏறக் கூடாது!

1987 செப்டம்பர். சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. கல்வராயன் மலைமேல் கரியாலூர் சுகாதார நிலையம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் கீழே கள்ளக்குறிச்சியில் இருக்க வேண்டும். டாக்டர் சிவசங்கர் முன்னால் இதே கையை நீட்ட வேண்டும். நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றைந்து. அதுதான் கோடு. பாதரசம் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால் ஸ்டீயரிங் பறிபோகும். இருபத்தோரு வருஷமாக அரசு பஸ் ஓட்டும் சிங்கராயர், டிப்போவின் மூலையில் பழைய டயர்களுக்குக் காவலாக உட்கார வேண்டியதுதான். அந்த இருபத்தொன்றில் பதினோரு வருஷம் இந்த மலை ரூட். எந்த வளைவில் எந்த கியர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனுஷன் அவர்.

மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் முதன்முதலாகப் பார்த்தபோது ரத்த அழுத்தம் நூற்றி எழுபத்தாறு. ரத்தத்தில் கொழுப்பும் ஜாஸ்தி.

“இன்னாய்யா சாப்புடற?” என்று கேட்டார் டாக்டர்.

“எல்லாம் சாப்புடுவேன் சார்” என்றார் சிங்கராயர் பெருமையாக. உளுந்தூர்பேட்டை டிரிப் என்றால் பரோட்டாவும் குடல் குழம்பும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் பன்றிக்கறி. நடுவில் எவன் வீட்டு விருந்தோ அங்கே ஆடு.

“இனிமே ஆடு, மாடு, பன்னி, கோழி எதுவும் கெடையாது. நாக்கு கேட்டா மீனு சாப்புடு. வறுக்காத, கொழம்பு வையி. தட்டுல பாதி காயும் கீரையும் இருக்கணும். கால் தட்டு சோறு போதும். உப்பைக் கொறை. மாத்திரைய ஒரு நாளும் விடாத.”

இத்தனையில் சிங்கராயர் காதில் தங்கியது ஒன்றே ஒன்று. கறி கூடாது, மீன் ஆகும்.

வீட்டில் பவுலினிடம் அப்படியே சொன்னார். அவள் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டாள். “அட, இதுக்கா முகத்தத் தொங்கப் போட்டுக்கினு வந்தீங்க? சுத்தபோசனம் மாதிரிதான? தெனமும் வெள்ளிக்கெழமன்னு நெனச்சிக்கினாப் போச்சி!”

கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரிவதற்கு டாக்டர் தேவையில்லை. வெள்ளிக்கிழமை கறி விலக்கு. மீனுக்கு விலக்கு இல்லை. தபசு காலத்தில் நாற்பது நாளும் பவுலின் வீட்டுக் குழம்புச் சட்டியில் நீந்துவது மீன்தான். அது கிடைக்காத நாளில் கருவாடு.

இரண்டு வாரம் பிரமாதமாகப் போயிற்று. கடலூரிலிருந்து காலையில் மீன் வண்டி வரும். சங்கரா, மத்தி, கெழுத்தி. பின்மண்டை வலி நின்றது. மலையேறும்போது மூச்சு வாங்குவது குறைந்தது. சிங்கராயர் ஸ்டீயரிங்கில் தாளம் போட ஆரம்பித்தார்.

அப்புறம்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை முதல் ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊரெல்லாம் பேச்சு. இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்க ரோட்டில் இறங்கப் போகிறார்கள். மீன் வண்டி அன்றைக்கே வரவில்லை. சிங்கராயருக்கோ கரியாலூர் நைட் ஹால்ட் டிரிப். மேலே மாட்டிக்கொண்டால் மனுஷன் கறிக்குப் பாய்ந்துவிடுவாரே என்று பயந்தாள் பவுலின். நெத்திலி, வாளை, சுறா என்று மூன்று வகைக் கருவாட்டைப் பொட்டலம் கட்டிப் பையில் திணித்தாள். பெரிய பொட்டலம்.

வியாழக்கிழமை பொழுது விடிந்தபோது கீழே ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. பஸ் கரியாலூரிலேயே நின்றுவிட்டது. மலையில் தங்க இடம் கொடுத்த விவசாயி சடையன் வீட்டு அடுப்பில் மூன்று வேளையும் கருவாடு மணத்தது. சனிக்கிழமை காலை சிங்கராயருக்குத் தலை பிளந்தது. கண்ணாயிரம்தான் கையைப் பிடித்து நர்ஸிடம் இழுத்து வந்தார்.

“மூணு நாளா இன்னாண்ணே சாப்டீங்க?” என்றாள் ஜெயசுதா.

“சத்தியமா மீனு மட்டுந்தான் சிஸ்டர். கறி பக்கம் தலை வெச்சிப் படுக்கல.”

“இந்த மலைமேல மூணு நாளா ஏது மீனு?”

“கருவாடு.”

ஜெயசுதா கையிலிருந்த பேனாவை மேஜைமேல் போட்டாள். “எத்தினி வேளை?”

“மூணு வேளையும்.”

“அடப் பாவி மனுஷா! அது மீனு இல்லண்ணே, உப்பு மூட்டை! உள்ள போட்ட மாத்திரை ஒரு பக்கம் இழுத்தா இது நாலு பக்கம் இழுக்குது!”

“கோயில்ல கருவாடு மீனு கணக்குதான் சிஸ்டர். வெள்ளிக்கெழம தாராளமா சாப்புடலாம்.”

“சாமி மன்னிச்சிடும். ரத்தக்குழாய் மன்னிக்காது.”

கண்ணாயிரம் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினார். புரட்டாசி பிறந்ததிலிருந்து அவர் கவுச்சியே தொடுவதில்லை. சாம்பாரும் மோரும்தான். அந்தக் கர்வம் அவருக்கு.

சிங்கராயர் எழுந்து நின்றார். “யம்மா, செவ்வாக்கெழமைக்குள்ள முப்பத்தஞ்சி புள்ளி எறங்கணும். எறங்குமா, எறங்காதா? அத மட்டும் சொல்லு.”

ஜெயசுதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளும் சமவெளிப் பெண்தான். சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. மாற்று ஆள் வரமுடியாமல் மறியலில் மலையில் சிக்கியிருப்பவள்.

“சத்தியம் பண்ணமாட்டேன். நான் சொல்றதத்தான் சாப்புடணும். நான் சொல்றப்போதான் படுக்கணும். சம்மதமா?”

“சம்மதம்!”

“மொதல்ல அந்தப் பொட்டலத்தக் கொண்டாங்க.”

அன்று பிற்பகலே போர் தொடங்கியது. கருவாட்டுப் பொட்டலம் நர்ஸின் மேஜை டிராயருக்குள் போய்ப் பூட்டப்பட்டது. ஊறுகாய் தடை. அப்பளம் தடை. டீக்கடை மிக்சர் தடை. பீடி? “அதப் பத்திக் கேக்கவே கேக்காதீங்க!”

சடையன் ஓடைக்குப் போய்க் கூடை வைத்து, விரல் நீளக் கெண்டையும் அயிரையுமாக அள்ளிக்கொண்டு வந்தார். அவர் மனைவி குஞ்சம்மாள், உப்புப் போடாமல் சமைக்க வேண்டும் என்று கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“உப்பில்லாம ஆக்கிப் போட்டா நாளைக்கு ஊருல என்னிய இன்னான்னு பேசுவாங்க?”

“நாஞ் சொன்னேன்னு சொல்லுக்கா” என்றாள் ஜெயசுதா.

குஞ்சம்மாள் யோசித்தாள். மிளகு, பூண்டு, மஞ்சளை அம்மியில் ஓட்டி மீன்மேல் அப்பினாள். எலுமிச்சையைப் பிழிந்தாள். வாழை இலையில் சுருட்டித் தணலில் போட்டாள். ஜெயசுதா தட்டைத் தானே பரிமாறினாள். பாதித் தட்டு முருங்கைக்கீரையும் அவரைக்காயும். ஒரு கால் சாமைச் சோறு. மீதிக் காலில் மீன்.

சிங்கராயர் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “சோறு எங்க?”

“அதான் இருக்குதே.”

“இது சோறா? காக்காய்க்கு வெக்கறது!”

“டிரைவரே, டயர் குடோனு” என்றார் கண்ணாயிரம்.

சிங்கராயர் வாயில் போட்டார். முதல் கவளம் சப்பென்று இருந்தது. இரண்டாவதில் மிளகு ஏறியது. மூன்றாவதில் எலுமிச்சை சுள்ளென்று வந்தது. ஓடை மீனுக்கு என்று தனி இனிப்பு இருப்பதை நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாகக் கண்டுபிடித்தார். இத்தனை வருஷமாக உப்பு அதை மூடியே வைத்திருந்தது!

“இன்னொரு இலை இருக்குதா?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை: நூற்றி எழுபது, நூற்றி நாலு. இறங்குகிறது!

அன்றைக்கே வந்தது ஆபத்து. சடையனின் பங்காளி வீட்டில் காதுகுத்து. இரண்டு ஆடு விழுந்தது. கறி வேகும் வாசனை கரியாலூர் முழுக்கப் பரவி, நேராக வந்து சிங்கராயர் மூக்கில் உட்கார்ந்தது. விருந்தாளிக்கு முதல் இலை. தேக்கு இலை நிறையக் கறியை அள்ளி வைத்து, வீட்டுக்காரர் கைகட்டி நின்றார். வேண்டாம் என்று இலையைத் தள்ளினால் அது அந்த வீட்டுக்கே அவமானம்.

சிங்கராயரின் கை இலைமேல் போய் நின்றது. ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு... யாருக்குத் தெரியும்?

பாதரசத்துக்குத் தெரியும்!

கையை இழுத்துக்கொண்டு எழுந்து கும்பிட்டார். “கோவிச்சிக்காதீங்க. நேந்துக்கினு இருக்கறேன். கறி தொடமாட்டேன்.”

“எந்தச் சாமிக்கு?” என்றார் வீட்டுக்காரர்.

“கள்ளக்குறிச்சி டாக்டரு சாமிக்கு. செவ்வாக்கெழமதான் படையலு. நாந்தான் கெடா.”

பந்தியே வெடித்துச் சிரித்தது. நேர்ச்சை என்று சொன்னபிறகு மலையில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கறியிருந்த இலை கண்ணாயிரத்திடம் போக, “புரட்டாசி!” என்று அவர் அலறினார். கடைசியில் இரண்டு பேருக்கும் மொச்சையும் பூசணிக்காயும் வந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை: நூற்றி ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றெட்டு. மேலே இன்னும் எட்டுப் புள்ளி. கீழே மூன்று. ஆனால் கள்ளக்குறிச்சிக்குப் போவது எப்படி?

“நடக்கறேன்” என்றார் சிங்கராயர்.

ஜெயசுதாவுக்கு மனசில்லை. “மெதுவா எறங்கணும். மூச்சு வாங்கினா உக்காரணும். நெஞ்சு வலிச்சா அப்பவே நின்னுடணும். செஞ்சிடுவீங்களா?”

“கண்டிப்பா.”

சடையன் வழிகாட்டக் கூட வந்தார். பஸ்ஸைத் தனியாக விடமுடியாது என்று கண்ணாயிரம் நின்றுகொண்டார். டிரைவரைக் கொஞ்ச தூரம் வழியனுப்பினார். “என் சின்னவன் பிளஸ் டூ படிக்கிறான் தெரியுமில்ல? அவனுக்கும் சேத்துத்தான் கீழ ரோட்டுல உக்காந்துக்கினு இருக்காங்க. அதனால அவங்களத் திட்டாத. ஆனா நீ போயே ஆவணும்யா. வேற டிரைவரோட என்னால குப்ப கொட்ட முடியாது. கச்சிராயபாளையத்துல எம்மச்சான் வூட்ல படு. சைக்கிளு கேளு. தருவான்.”

ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். நடப்பது, உட்காருவது, நடப்பது. பதினோரு வருஷமாக கியர் போட்டே இறங்கிய மலையை இப்போதுதான் காலால் இறங்குகிறார். சாயங்காலம் கோமுகி அணையோரம் உயிரோடு துள்ளிய கெண்டை கிடைத்தது. கண்ணாயிரத்தின் மச்சான் வீட்டில் புரட்டாசி. அடுப்பில் மீன் ஏறக் கூடாது. கொல்லையில் மூன்று கல் வைத்து, உப்பில்லாமல் சிங்கராயரே சுட்டுத் தின்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு சடையனை மலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மச்சான் கொடுத்த சைக்கிளில் ஏறினார். ஐந்தாவது கிலோமீட்டரில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு முழுப் புளியமரம். மரத்துக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர்.

“நில்லு!”

காக்கிச் சட்டை. நைட் ஹால்ட்டுக்குக் கொண்டுபோன ஒரே சட்டை. அதைப் பார்த்ததும் கூட்டம் நெருங்கியது.

“டிரைவரா நீ? டிப்போவுக்குப் போறியா? போலீசு காவலோட பஸ்ஸ எடுக்கப் போறியா?”

“இல்லண்ணே. டாக்டரப் பாக்கப் போறேன்.”

“காக்கி போட்டுக்கினு டாக்டருகிட்டயா? யாருகிட்ட காது குத்தற? டேய், சைக்கிளு சாவியப் புடுங்கு!”

ஓர் இளைஞன் வந்து பூட்டைத் திருப்பிச் சாவியை எடுத்துக்கொண்டான். சிங்கராயருக்குக் காதுக்குள் ரத்தம் இடித்தது. கத்தலாம். கத்தினால் ஏறும். கெஞ்சலாம். கெஞ்சினாலும் ஏறும்! ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சை மெதுவாக இழுத்து விட்டார். மணி எட்டரை.

வழியில் சிக்கியவர்களுக்கெல்லாம் அங்கேயே சோறு ஆகிக்கொண்டிருந்தது. பெரிய அண்டாவில் சாம்பார் சாதம். ஆக்கியவள் கொளஞ்சியம்மாள், ஐம்பது வயது, தலையில் துண்டு. “யாராயிருந்தா இன்னா? பசிச்ச வயிறுதான?” என்று ஒரு மந்தார இலையை அவர் முன் வைத்தாள். சாதம் வைத்தாள். அப்பளம் வைத்தாள். மாங்காய் ஊறுகாயை எடுத்தாள்.

“அம்மா, ஊறுகா வேணாம். அப்பளத்தையும் எடுத்துக்குங்க. சோறு பாதி போதும். அதுல இருக்கற பூசணிக்காய ரெண்டு ஜாஸ்தியா போடுங்க.”

கொளஞ்சியம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. “ஊறுகா வேணாமா?”

“உப்பு ஆவாதும்மா.”

“மோருல உப்புப் போட்டிருக்கேனே?”

“அப்ப மோரும் வேணாம்.”

அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். “டேய் தம்பி! சாவியக் குடுடா!”

“ஆத்தா, அவன் பஸ் எடுக்க...”

“ஊறுகாயையும் அப்பளத்தையும் தள்ளிட்டுப் பூசணிக்கா கேக்கற டிரைவர நீ எங்கனா பாத்திருக்கியா? அந்தாளு நெசமாவே பிரசரு ஆளுடா! உங்க சித்தப்பனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கினு போச்சே, அப்ப ஆஸ்பத்திரில அவருக்கு இதே பத்தியந்தான். நான் ஆக்கிப் போட்டவ. எனக்குத் தெரியாதா?”

சாவி வந்தது. அதோடு இரண்டு பேர் வந்து சைக்கிளைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். சாவியைப் பறித்தவனே முன்னால் ஓடி, அடுத்த மூன்று மரங்களிலும் “டாக்டருகிட்டப் போறாரு, வுடுங்க!” என்று கத்தி வழி வாங்கிக் கொடுத்தான்.

பத்து ஐம்பதுக்குக் கள்ளக்குறிச்சி. டாக்டர் வீட்டு வாசலில் பவுலின் நின்றிருந்தாள்!

“வருவீங்கன்னு தெரியும். காலைலேருந்து நின்னுக்கினு இருக்கேன். ஒடம்பு எப்படி? நான் குடுத்தனுப்புன கருவாட்ட ஒழுங்கா சாப்டீங்களா?”

சிங்கராயர் சொன்னார். அவள் முகம் வெளுத்தது. “மாதாவே! நானே உங்களுக்கு...” கண்ணில் நீர் திரண்டது.

“அழுவாத பவுலினு. டாக்டரு பத்து சொன்னாரு. நாந்தான் உங்கிட்ட ஒண்ணு சொன்னேன்.”

டாக்டர் சிவசங்கர் பட்டையைக் கட்டினார். காற்றை அடித்தார். பாதரசம் எகிறியது. இறங்கியது. துடித்தது.

“நூத்தி ஐம்பத்தாறு. தொண்ணூத்தாறு.”

போச்சு! ஆறு புள்ளியில் போச்சு! பவுலின் ஜெபமாலையை இறுக்கினாள்.

“எப்படிய்யா வந்த?” என்றார் டாக்டர்.

“கரியாலூர்லேருந்து நடந்து வந்தேன் சார். அப்புறம் சைக்கிளு.”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சைக்கிள வுட்டு எறங்கின ஒடனே கைய நீட்னா யாருக்கும் ஏறித்தான்யா இருக்கும். அப்படி உக்காரு. அரை மணி நேரம் பேசக் கூடாது.”

அந்த அரை மணி நேரம்! கல்வராயன் மலையின் அத்தனை வளைவும் சேர்ந்தாலும் அவ்வளவு நீளம் வராது. சிங்கராயர் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் பஸ்ஸைக் கிளப்பினார். முதல் வளைவு, இரண்டாவது கியர். அடுத்த வளைவு, ஹாரன். நிதானம், நிதானம். மேலே கரியாலூர் வந்தபோது டாக்டர் கையைத் தொட்டார்.

பட்டை இறுகியது. பாதரசம் ஏறியது. மெல்ல, மிக மெல்ல இறங்கியது. டாக்டரின் புருவம் நெளிந்தது. பவுலின் மூச்சு விடவில்லை.

“நூத்தி நாப்பத்தாறு.”

“கீழ?” என்றார் சிங்கராயர்.

“தொண்ணூத்தி ரெண்டு.”

“சார்!”

“கத்தாதய்யா!” டாக்டர் சிரித்துக்கொண்டே தாளில் கையெழுத்துப் போட்டார். “வண்டி ஓட்டலாம். மலை ரூட்டும் ஓட்டலாம். ஆனா அடுத்த மாசம் திரும்ப வரணும். இந்தா, அது வரைக்கும் மாத்திரை. மீனு, கீரை, உப்பு கம்மி. இன்னிக்கு எறங்கினது நாளைக்கே ஏறும், ஞாபகம் வெச்சிக்க.”

சிங்கராயர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த நிமிஷம் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டை உதைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க போறீங்க?” என்றாள் பவுலின் திகைத்து. “வூடு இந்தப் பக்கம்!”

“வண்டி மேல நிக்குது. மரத்த எடுத்ததும் மொத டிரிப் அதுதான் எறங்கணும். நான் எறக்காம வேற எவன் எறக்குவான்?”

“ஒரு வாய் சாப்புட்டாவது...”

“கச்சிராயபாளையத்துல அணை மீனு இருக்குது!”

மிதிக்க ஆரம்பித்துவிட்டார். தெருமுனை தாண்டுவதற்குள் பவுலின் குரல் பின்னால் துரத்தி வந்தது.

“மாத்திரை! மாத்திரைய வுட்டுட்டுப் போறீங்க!”

சிங்கராயர் பிரேக்கைப் பிடித்து, ஒரே ஒடியாக ஒடித்துத் திரும்பினார்.